கண்ணுக்கு வந்த பாட்டு

பாட்டு செவிக்கு உரியது என்பதை வானொலி நேயர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பாடுபவரின் முகத்தை ஒருநாளும் காணாமலே, குரல் ஒன்றையே துணையாகக் கொண்டு, அவரைத் தம் வீட்டு மனிதருள் ஒருவராக ஏற்றுக்கொண்ட தலைமுறைகள் நம்மிடையே உள. பாட்டுக்குப் படம் எதற்கு என்று அவர்கள் கேட்பதில் நியாயமும் உண்டு. ஒரு பாட்டைக் கேட்கும்போது ஒவ்வொருவர் மனத்திலும் ஒவ்வொரு காட்சி எழுகின்றது. படம் வந்ததும் அக்காட்சிகள் யாவும் மறைந்து, யாரோ ஒருவர் எடுத்த ஒரே காட்சி எல்லார் மனத்திலும் குடியேறிவிடுகின்றது. இது சிறிய இழப்பன்று.

அவ்விழப்பை ஒப்புக்கொண்டே, எனக்குப் பிடித்த சில பாட்டுப் படங்களைப் பற்றியும் அவை தோன்றிய வரலாற்றைப் பற்றியும் இன்று பேச முற்படுகின்றேன். மூன்று நான்கு நிமிடத்தில் முடிந்துபோகும் இப்படங்களை ‘மியூசிக் வீடியோ’ என்று ஆங்கிலத்திற் சொல்வர். திரைப்படத்தின் நடுவே வரும் பாடற் காட்சியினின்றும் இவை வேறானவை. திரைப்படப் பாட்டுக்கு முன்னும் ஒரு கதை உண்டு, பின்னும் ஒரு கதை உண்டு. இவற்றுக்கோ பாட்டு ஒன்றே முதலும் முடிவும். இவற்றுட் பெரும்பாலானவை இசைத்தட்டை விற்பதற்கென எடுக்கப்பட்ட விளம்பரங்கள் என்பதை மறைப்பதற்கில்லை. விளம்பரமாகப் பிறந்த ஒன்று எப்போது கலையாகின்றது? அதிற் காட்டப்பட்டவர் யார், காட்டப்படாது விடப்பட்டவர் யார்? இவ்விரண்டு வினாக்களும் இப்படங்களைப் பார்க்குந்தோறும் என்னை விட்டு அகல்வதில்லை.

இவ்வகைப் படங்கள் 1981 ஆம் ஆண்டில் அமெரிக்கத் தொலைக்காட்சியிற் பிறந்தவை என்று பலர் எண்ணுகின்றனர். வரலாறு அவ்வளவு இளமையானதன்று. 1894 ஆம் ஆண்டிலேயே நியூ யோர்க் நகரின் இசைப் பதிப்பாளர் இருவர், ‘தி லிட்டில் லொஸ்ட் சைல்ட்’ என்ற பாட்டுக்கு ஏற்ற காட்சிகளை மனிதரை நிறுத்திப் படம்பிடித்து, கண்ணாடித் தகடுகளில் அமைத்து, மாயவிளக்கு எனப்பட்ட கருவியால் அரங்கத் திரையில் வீழ்த்தினர். பாடகர் பாட, காட்சி மாறிக்கொண்டிருக்கும். அரங்கை விட்டு வெளியேறுவோர் பாட்டின் இசைப் பிரதியை வாங்கிச் செல்ல வேண்டும் என்பதே நோக்கம். பாட்டு, படம், வாணிகம் ஆகிய மூன்றும் அன்றே ஒரே மேடையிற் கூடிவிட்டன.

பேசும் படம் வந்தபின் 1929 இல் எடுக்கப்பட்ட ஒரு குறும்படத்தை என் விருப்பப் பட்டியலின் தலையில் வைக்கின்றேன். ‘சென். லூயிஸ் புளூஸ்’ என்பது அதன் பெயர். டட்லி மேர்பி என்பவர் அதனை இயக்கினார். ஓடும் நேரம் ஏறக்குறைய 16 நிமிடம். அதிற் பாடுபவர் பெஸ்ஸி சிமித். கறுப்பு அமெரிக்க மக்களின் துயர இசையாகிய புளூஸை அக்காலத்தில் அவரைப்போற் பாடியவர் இலர் என்பர். காதலன் கைவிட்டுப் போனபின், மதுச்சாலையொன்றில், கையிற் கிண்ணத்துடன் அவர் தனியே சாய்ந்து நின்று பாடத் தொடங்குகின்றார். முதலிற் குரல் மட்டும் வருகின்றது. பிறகு, மேசைகளிற் குடித்துக்கொண்டிருப்போர் அனைவரும் தேவாலயப் பாடகர் குழுவைப்போல் அவருக்கு மறுமொழி பாடுகின்றனர். தொடக்கக் காட்சியிற் கறுப்பினத்தவரைச் சூதாடிகளாகவே காட்டும் அக்காலத்து வழக்கமான இழிவும் இப்படத்தில் உண்டு. அதைப் பொறுத்துக்கொண்டுதான் பார்க்க வேண்டும். ஆனால் பெஸ்ஸி சிமித் நடித்த படம் இஃதொன்றே. 1937 இல் மிசிசிப்பியில் நிகழ்ந்த வீதி விபத்தில் அவர் இறந்தார். அவர் பாடிய இசைத்தட்டுகள் பல எஞ்சியுள்ளன. ஆயின் அவர் எவ்வாறு நின்றார், மூச்சை எங்கே இழுத்தார், துயரத்தின் எல்லையில் தலையை எப்படிச் சாய்த்தார் என்பவற்றை அறிய இந்தப் பதினாறு நிமிடத்தைத் தவிர வேறு வழியில்லை. படம் பாட்டுக்கு எதற்கு என்று கேட்பவருக்கு நான் முதலிற் காட்டுவது இதனைத்தான்.

அடுத்து வந்தது ஒரு பெட்டி. 1940 ஆம் ஆண்டளவில், சிக்காக்கோ நகரின் மில்ஸ் நொவெல்ட்டி என்னும் கம்பனி ‘பனோரம்’ என்ற பெயரில் அதனைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஆளுயர அலுமாரி போன்ற மரப்பெட்டி. அதன் மேற்புறத்தில் ஒரு திரை. உள்ளே 16 மில்லிமீற்றர்ப் படச்சுருளை ஓட்டும் கருவி இருந்தது. கருவியின் ஒளி முகம்பார்க்கும் கண்ணாடிகளிற் பட்டுத் திரும்பித் திரையின் பின்புறத்தில் விழும். கண்ணாடியில் இடம் வலமாகுமாதலின், படச்சுருளையே இடம்வலம் மாற்றி அச்சிட்டு அக்குறையைத் தீர்த்தனர். அதனால், இன்று பழைய சுருளொன்றை வேறு கருவியில் ஓட்டிப் பார்ப்போருக்கு எழுத்துகள் யாவும் மறுதலையாகத் தெரியும். மதுச்சாலைகளிலும் உணவுச்சாலைகளிலும் புகையிரத நிலையங்களிலும் இப்பெட்டிகள் நின்றன. 10 சதக் காசொன்றைப் போட்டால் மூன்று நிமிடப் பாட்டுப் படமொன்று ஓடும். ‘சவுண்டி’ என்று இப்படங்களைச் செல்லமாக அழைத்தனர்.

பெட்டியில் ஒரு பெருங்குறை இருந்தது. எட்டுப் பாட்டுகள் ஒரே சுருளில் வரிசையாக இருந்தமையால், விரும்பிய பாட்டைத் தெரிந்தெடுக்க முடியாது. வரிசையில் எது நிற்கின்றதோ அதுதான் ஓடும். அருகில் நின்ற இசைத்தட்டுப் பெட்டியிலோ அதிற் பாதிக் காசுக்கு வேண்டிய பாட்டைக் கேட்கலாம். போர்க்காலத்தில் உலோகத்துக்கு வந்த தட்டுப்பாடு புதிய பெட்டிகள் செய்வதையும் தடுத்தது. 1940களின் பிற்பகுதியில் இத்தொழில் முடிவுற்றது. அதற்குள் 1,800க்கும் மேற்பட்ட பாட்டுப் படங்கள் எடுக்கப்பட்டிருந்தன.

வாணிகமாகத் தோற்ற இம்முயற்சி வரலாற்றுக்குச் செய்த உதவி பெரிது. அக்கால ஹொலிவூட் பெரும்படங்களிற் கறுப்பு இசைவாணருக்கு இடம் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் பணியாளர் வேடமாகவோ, தென் மாநிலத் திரையரங்குகளில் வெட்டி நீக்கத்தக்க தனிக் காட்சியாகவோ இருக்கும். சவுண்டிகளிலோ டியூக் எலிங்டன், கப் கலோவே, நட் கிங் கோல், டொரதி டன்ட்ரிட்ஜ் முதலியோர் மூன்று நிமிடமாவது தாமே தலைமாந்தராய் நிற்கின்றனர். எனக்கு மிக விருப்பமானது 1941 இல் எடுக்கப்பட்ட ‘பட்ஸ்’ வோலரின் ‘ஏன்ட் மிஸ்பிஹேவிங்’. பருத்த உடல், சிறிய தொப்பி, பியானோவின் மேல் ஓடும் பெரிய விரல்கள். ஒரு புருவத்தை உயர்த்துவார். பாட்டின் பொருளே மாறிவிடும். நான் குறும்பு செய்வதில்லை என்று வாய் சொல்லும்போது, செய்கின்றேன் என்று புருவம் சொல்லும். இசைத்தட்டில் இப்புருவம் இல்லை. 1943 டிசெம்பரில், 39 வயதில், புகையிரதப் பயணத்தின்போது அவர் காலமானார்.

ஒரு நுட்பச் செய்தியையும் இங்கே சொல்லிவிடலாம். இப்படங்களில் ஒலியை முதலிற் பதிந்துகொண்டு, பிறகு அவ்வொலிக்கு வாயசைத்து நடிக்கச் செய்து படம்பிடித்தனர். நம் திரைப்படங்களிற் பின்னணிப் பாட்டுக்கு நடிகர் வாயசைக்கும் முறையும் அடிப்படையில் இதுவே. இச்சிறு தந்திரமே பிற்காலப் பாட்டுப் படங்கள் அனைத்துக்கும் அடித்தளம். பாடும்போதே படம்பிடிக்க வேண்டும் என்ற தளை அறுந்தபின், பாடகரைக் கடற்கரையிலும் நிறுத்தலாம், மலையுச்சியிலும் நிறுத்தலாம்.

1960 இல் பிரான்சில் ‘ஸ்கோப்பிட்டோன்’ என்ற மற்றொரு பெட்டி தோன்றியது. அதில் வண்ணப் படம், 36 பாட்டுகளுள் வேண்டியதைத் தெரிந்தெடுக்கும் வசதி. பாரிசின் இளம் பாடகர்களை அது எங்கும் கொண்டு சென்றது. பிற்காலத்திற் பெரும் புகழ் பெற்ற இயக்குநர் குளோட் லெலூஷும் இதற்குப் படங்கள் எடுத்தார். அமெரிக்காவில் அது நெடுநாள் நிலைக்கவில்லை. பிரான்சில் வட ஆபிரிக்கத் தொழிலாளர் கூடிய கோப்பிக் கடைகளிலேதான் அது மேலும் சில காலம் உயிரோடிருந்தது. தாய்நாட்டுப் பாடகரை அவர்கள் அங்கே கண்டனர்.

இனி இலண்டனுக்குச் செல்வோம். 1965 மே மாதம் 8 ஆம் நாள், சவோய் என்னும் பெரிய ஹொட்டேலின் பின்புறச் சந்தொன்றில் இருபத்துமூன்று வயது அமெரிக்க இளைஞர் ஒருவர் நிற்கின்றார். அவர் பொப் டிலன். கையில் ஓர் அட்டைக் கட்டு. அட்டைகளிற் பாட்டின் சொற்கள் சில எழுதப்பட்டுள்ளன. ‘சப்டெரேனியன் ஹோம்சிக் புளூஸ்’ என்ற பாட்டு ஒலிக்கின்றது. அவர் வாயசைக்கவில்லை. ஆடவில்லை. சிரிக்கவுமில்லை. சொல் வரும்போது அட்டையைக் காட்டி, கீழே எறிந்துவிட்டு, அடுத்ததற்குப் போகின்றார். சில எழுத்துகள் வேண்டுமென்றே பிழையாக எழுதப்பட்டவை. ஓரத்திற் கவிஞர் அலன் கின்ஸ்பேர்க் தாடியும் தடியுமாக நின்று யாருடனோ பேசிக்கொண்டிருக்கின்றார். கமராவை வைத்த டி. ஏ. பென்னிபேக்கர் ஒருமுறைகூட வெட்டவில்லை. பாட்டு முடிய, இளைஞர் நடந்து போய்விடுகின்றார்.

இதற்குச் செலவு என்ன? சில அட்டைகளும் மையும். பிற்காலத்திற் கோடிகளைக் கொட்டி எடுத்த படங்கள் பல இதன் காலடிக்கு வாரா என்பது என் துணிபு. பாட்டு விரைந்தோடுகின்றது, அட்டைகள் அதனைத் துரத்துகின்றன, கண் இரண்டுக்கும் நடுவே அகப்பட்டுத் தவிக்கின்றது. பாட்டின் பரபரப்பை இதைவிட எளிமையாகக் காட்சியாக்க முடியுமா என்று எண்ணிப் பார்க்கின்றேன். இந்தக் காட்சி 1967 இல் வெளிவந்த ஆவணப் படமொன்றின் தொடக்கமாக அமைந்தது.

அதே இலண்டனில் பீற்றில்ஸ் குழுவினர் வேறொரு தேவையால் இத்துறைக்கு வந்தனர். உலகின் ஒவ்வொரு தொலைக்காட்சி நிலையத்துக்கும் நேரிற் சென்று பாட அவர்களால் இயலவில்லை. ஆகவே தமக்குப் பதிலாகப் படத்தை அனுப்பினர். 1966 மே மாதத்திற் சிசிக் மாளிகைத் தோட்டத்தில் ‘பேப்பர்பக் ரைட்டர்’, ‘ரெயின்’ என்ற பாட்டுகளை மைக்கல் லின்ட்சே-ஹொக் படமாக்கினார். அவ்வாண்டு ஓகஸ்டுடன் அவர்கள் மேடைச் சுற்றுலாக்களையும் நிறுத்திக்கொண்டனர். 1967 தொடக்கத்தில், சுவீடன் நாட்டவரான பீற்றர் கோல்ட்மன், கென்ட் மாவட்டத்து நோல் பூங்காவில் ‘ஸ்ட்ரோபெரி பீல்ட்ஸ் பொரெவர்’ பாட்டை எடுத்தார். மரத்தடியில் ஒரு பழைய பியானோ. அதன் நரம்புகள் மரத்தோடு பிணைக்கப்பட்டுள்ளன. தரையில் நின்ற போல் மக்கார்ட்னி திடீரென மேலே பாய்ந்து மரக்கிளையில் அமர்கின்றார். சுருளைப் பின்னோக்கி ஓட்டிய சிறு மாயமே அது. பாட்டின் ஒலிப்பதிவிலும் பின்னோக்கி ஒலிக்கும் தாள ஒலிகள் உண்டு. செவிக்குச் செய்ததையே கண்ணுக்கும் செய்தனர் என்பதால் இது எனக்குப் பிடிக்கும்.

அதே ஆண்டு நொவெம்பரில் எடுத்த ‘ஹலோ குட்பை’ படத்தை பி. பி. சி. ஒளிபரப்பவில்லை. இசைவாணர் சங்கத்தின் வற்புறுத்தலால், பதிவு செய்த பாட்டுக்கு வாயசைத்து நடித்தல் அப்போது அங்கே தடுக்கப்பட்டிருந்தது. ஒரு படச்சுருள் பத்து நகரங்களிற் பாடுமாயின் பத்து நகரங்களின் வாத்தியக்காரர் என் செய்வர்? சங்கத்தாரை முன்னேற்றத்துக்கு எதிரிகள் என்று பலரும் எள்ளினர். தொழிலாளியின் கண்கொண்டு நோக்கின், அவர்கள் அஞ்சியது வீண் அச்சமன்று.

1975 ஆம் ஆண்டு குவீன் குழுவினர் ‘பொஹீமியன் ரப்சொடி’ என்ற ஆறு நிமிடப் பாட்டை வெளியிட்டனர். அதன் நடுப்பகுதி, குரலின்மேற் குரலாகப் பன்முறை பதிந்து கட்டிய நாடக இசை. நால்வர் தொலைக்காட்சி மேடையில் நின்று அதற்கு வாயசைத்தால் நகைப்புக்கே இடமாகும். அந்நகைப்பிலிருந்து தப்புவதற்காகவே நொவெம்பர் 10 ஆம் நாள் எல்ஸ்ட்ரீயில், புரூஸ் கவர்ஸ் என்பவரைக் கொண்டு ஏறக்குறைய நான்கு மணி நேரத்தில் ஒரு படத்தை எடுத்து முடித்தனர். இருளில் நான்கு முகங்கள் மேல்நோக்கி நிற்கின்றன. ஒரு முகம் பல முகமாகப் பெருகித் தேனடை போலச் சிதறுகின்றது. வில்லைகளையும், கமராவைத் தொலைக்காட்சித் திரையை நோக்கியே திருப்புவதையும் கொண்டு இம்மாயங்களைச் செய்தனர். பாட்டு பிரித்தானியாவில் தொடர்ந்து ஒன்பது வாரம் முதலிடத்தில் இருந்தது. வெற்றியில் எவ்வளவு பங்கு படத்துக்கு உரியது என்பதை அளந்து கூறவியலாது. ஆயின் இசைத்தட்டுக் கம்பனிகள் தம் அளவில் அளந்துகொண்டன. இதன்பின் பெரிய பாட்டுக்குப் படம் இன்றியமையாதது என்ற எண்ணம் வேரூன்றியது.

1981 ஓகஸ்ட் முதலாம் நாள், நள்ளிரவு கடந்து ஒரு நிமிடம். நாள் முழுவதும் பாட்டுப் படங்களையே காட்டும் எம். ரி. வி. நிலையம் அமெரிக்காவிற் கம்பிவழி ஒளிபரப்பைத் தொடங்கியது. முதலிற் காட்டியது 1979 இல் பகிள்ஸ் என்ற ஆங்கிலக் குழுவினர் பாடிய பாட்டு. வீடியோ வந்து வானொலி நட்சத்திரத்தைக் கொன்றது என்பது அப்பாட்டின் தலைப்பு. இதனை வானொலியிலே நின்று சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வருகின்றது, நேயர்கள் பொறுத்தருள்க.

இந்நிலையத்தின் முதலிரண்டு ஆண்டுகளிற் கறுப்புக் கலைஞர் மிக அரிதாகவே காட்டப்பட்டனர். தமது நிலையம் ராக் இசைக்கு உரியது, மற்ற இசைக்கு அன்று என்று நடத்துநர் விளக்கங் கூறினர். பாடகர் ரிக் ஜேம்ஸ் வெளிப்படையாகக் குறைகூறினார். 1983 இல் டேவிட் போவி, தம்மைப் பேட்டி காண வந்த அந்நிலையத்து அறிவிப்பாளரையே மடக்கி, கறுப்புக் கலைஞரை ஏன் காணோம் என்று கேட்டார். வெள்ளையரான ஒரு புகழ்பெற்ற விருந்தாளி, தம் பாட்டைப் பரப்ப வேண்டிய இடத்தில் இருந்துகொண்டே இவ்வாறு கேட்டது பாராட்டற்குரியது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் 10 சதப் பெட்டி கொடுத்த இடத்தைப் புதிய தொழில்நுட்பம் கொடுக்க மறுத்தது என்பதை எண்ணும்போது, காலம் தானாகவே முன்னோக்கிச் செல்லும் என்ற நம்பிக்கை ஆட்டங்காணுகின்றது.

அவ்வாண்டு மார்ச்சில் மைக்கல் ஜக்சனின் ‘பில்லி ஜீன்’ அந்நிலையத்தில் ஒளிபரப்பானது. ஸ்டீவ் பரன் இயக்கிய அப்படத்திற் பாடகர் கால்வைக்கும் கல்லெல்லாம் ஒளிரும். கதவு திறந்தது என்பதற்கு அதைவிடச் சிறந்த உருவகம் வேண்டியதில்லை. டிசெம்பரில் வந்த ‘த்ரில்லர்’ ஏறக்குறைய 14 நிமிடம் ஓடியது. 2009 இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இடம்பெற்ற முதற் பாட்டுப் படமும் அதுவே. புகழில் அதற்கு இணையில்லை. எனினும் என் பட்டியலில் அது இல்லை. அங்கே பாட்டு துண்டிக்கப்பட்டுப் பேய்க்கதைக்கு ஊழியம் செய்கின்றது. பாட்டுக்காகப் படம் என்ற நிலை மாறி, படத்துக்காகப் பாட்டு என்றாகின்றது.

இவ்வேளை நம் நாட்டையும் தொட்டுச் செல்ல வேண்டும். ரூபவாஹினி ஒளிபரப்புத் தொடங்கியது 1982 பெப்ருவரி 15 ஆம் நாள். அதற்கு இரண்டு மாதம் கழித்து, ஏப்ரலில், பர்மிங்ஹாம் நகரத்து இசைக்குழுவான டுரன் டுரன் இலங்கைக்கு வந்தது. உடன் வந்த இயக்குநர் ரசல் மல்கேஹி, எம். ரி. வி. முதன்முதற் காட்டிய பகிள்ஸ் படத்தை எடுத்தவரும் அவரே. மூன்று பாட்டுப் படங்களை இங்கே எடுத்தனர். ‘ஹங்ரி லைக் த வுல்ப்’ என்பது காட்டிலும் கடைத்தெருவிலும் ஒரு பெண்ணைத் துரத்தும் கதை. அதில் நம் மக்கள் பெயரற்ற பின்புலமாகவே வந்து போகின்றனர். யானையும் கூட்டமும் வெயிலும் கீழைத்தேசம் என்ற பழைய சித்திரத்துக்கு வண்ணம் பூசுகின்றன. இதுவே அமெரிக்காவில் அவர்களை உயர்த்தியது. 1984 இல் குறுவடிவ வீடியோவுக்கென முதன்முறையாக வழங்கப்பட்ட கிராமி விருதும், அவர்களின் முந்திய படமொன்றுடன் சேர்த்து, இதற்கே கிடைத்தது.

ஆயின் ‘சேவ் எ பிரேயர்’ வேறு தரத்தது. சிகிரியாக் குன்றின் உச்சியை வானிலிருந்து சுற்றிவரும் கமரா, பொலன்னறுவை இடிபாடுகளின் நடுவே வெறுங்காலுடன் நிற்கும் இளைஞர், தென்கரைக் கடல், மெல்ல நடக்கும் தாளம். அங்கே நிலத்துக்குப் பேச இடம் கொடுத்தார்கள். குன்றின் உச்சியில் நிற்பவர்களை விடக் குன்றே பெரிதாகத் தெரிகின்றது. உலகெங்கும் கோடிக்கணக்கானோர் இத்தீவைக் கண்டது இந்தப் பாட்டிலேதான். மறு ஆண்டு யூலையில் இந்நாட்டின் பெயரை உலகம் வேறு செய்திகளிற் கேட்டது. அதன்பின் இப்படத்தைப் பார்க்கும்போதெல்லாம், பின்புலத்தில் ஒரு கணம் தோன்றி மறையும் முகங்களையே என் கண் தேடுகின்றது. அவர்கள் யார், எங்கே போனார்கள் என்பதை அப்படம் சொல்லாது.

படத்தால் உயிர்பெற்ற பாட்டுக்கு எடுத்துக்காட்டு நோர்வே நாட்டு ஆஹா குழுவினரின் ‘டேக் ஒன் மீ’. 1984 இல் வெளியிட்டபோது அது கவனிக்கப்படவில்லை. மறுபடியும் பதிந்து, 1985 இல் ஸ்டீவ் பரன் இயக்கிய படத்துடன் வெளியிட்டபோது அமெரிக்காவில் முதலிடம் எய்தியது. தேநீர்ச்சாலையில் ஒரு பெண் சித்திரக்கதை வாசிக்கின்றாள். பென்சிலால் வரைந்த ஒரு கை தாளிலிருந்து எழுந்து அவளை அழைக்கின்றது. அவள் தாளுக்குள் நுழைகின்றாள். மைக்கல் பற்றர்சனும் கன்டஸ் ரெக்கிங்கரும், எடுத்த படத்தின் ஒவ்வொரு சட்டத்தையும் பென்சிலாற் பின்பற்றி வரைந்தனர். மூவாயிரத்துக்கு மேற்பட்ட ஓவியங்கள். 16 வார உழைப்பு. கோடுகள் நடுங்குவதைக் கவனியுங்கள். மனிதக் கை ஒரே கோட்டை இருமுறை ஒன்றுபோல் வரையாது. அந்நடுக்கமே காதலின் நடுக்கமாக நமக்குத் தோன்றுகின்றது.

மறு ஆண்டு பீற்றர் கேப்ரியேல் பாடிய ‘ஸ்லெட்ஜ்ஹமர்’ இவ்வுழைப்பை ஓர் எல்லைக்குக் கொண்டுசென்றது. ஸ்டீபன் ஜோன்சன் இயக்க, பிறிஸ்டல் நகர ஆட்மன் கலைக்கூடத்தாரும் குவே சகோதரர்களும் ஒவ்வொரு சட்டமாகப் பொருள்களை நகர்த்திப் படம்பிடித்தனர். பாடகர் கண்ணாடித் தகடொன்றின் கீழ் 16 மணி நேரம் படுத்திருந்தாராம். முகத்தைச் சுற்றி விளையாட்டுப் புகையிரதம் ஓடுகின்றது, பழங்கள் முகமாகின்றன, கோழிகள் நடனமாடுகின்றன. விளம்பரத்துக்கு இவ்வளவு உழைப்பு வேண்டுமா என்று கணக்கர் கேட்டிருக்கலாம். கேட்டும் விட்டார்களே, அதுதான் நம் பேறு. 1987 இல் எம். ரி. வி. விருதுகளுள் ஒன்பதை அது பெற்றது.

பிறகு இணையம் வந்தது. 2011 நொவெம்பரில், ஒலிப்பதிவுக் கூடத்திற் பாடுவதை அப்படியே காட்டிய ‘வை திஸ் கொலவெறி டி’ தமிழ்நாட்டிலிருந்து புறப்பட்டு, தமிழ் அறியாத நாடுகளுக்கும் சென்றது. 2012 டிசெம்பர் 21 இல், கொரிய நாட்டுப் பாடகர் சையின் ‘கங்னம் ஸ்டைல்’ யூரியூப்பில் நூறு கோடி முறை பார்க்கப்பட்ட முதற் காணொளியாயிற்று. பிரித்தானியாவில் எம். ரி. வி. யின் இசைக்கென்றே இருந்த அலைவரிசைகள் 2025 இறுதியில் மூடப்பட்டன. எண்ணிக்கை பெருகியது. என் பட்டியல் அவ்வேகத்திற் பெருகவில்லை.

இறுதியாக ஒன்று. ‘ஹேர்ட்’ என்ற பாட்டை 1994 இல் இயற்றிப் பாடியவர் இளைஞரான டிரென்ட் ரெஸ்னர். 2002 இல் அதனைத் தம் முதுமைக் குரலிற் பாடிப் பதிந்தார் நாட்டுப்புற இசையின் பெரியார் ஜோனி கஷ். மார்க் ரொமனெக் அதைப் படமாக்க டென்னிசி மாநிலத்து ஹென்டர்சன்வில்லுக்குச் சென்றார். அங்கே கஷ் அவர்களின் வாழ்வைக் காட்டும் சிறு அரும்பொருட்சாலை பல்லாண்டாக மூடிக்கிடந்து பழுதடைந்திருந்தது. இயக்குநர் அதனைத் துடைத்துச் சீராக்கவில்லை. பழுதை அப்படியே காட்டினார். இளமையிற் குதிரைபோல் நின்ற பாடகரின் பழைய படத்துண்டுகளுக்கு இடையிடையே, விருந்து பரப்பிய மேசையில், நடுங்கும் கையால் அம்முதியவர் மதுவை உணவின்மேல் ஊற்றுகின்றார். படிக்கட்டில் நின்று மனைவி யூன் கார்ட்டர் அவரைப் பார்க்கின்றார். அந்தப் பார்வை எவராலும் எழுதிக் கொடுத்து நடிக்கச் செய்யக்கூடியதன்று.

படத்தைக் கண்டபின், பாட்டு இனித் தம்முடையதன்று என்ற உணர்வு தமக்கு எழுந்ததாக ரெஸ்னர் கூறியிருக்கின்றார். 2003 மே மாதம் யூன் கார்ட்டர் காலமானார். அவ்வாண்டு செப்டெம்பர் 12 இல் ஜோனி கஷும் மறைந்தார். அவர்கள் வாழ்ந்த ஏரிக்கரை வீடு 2007 ஏப்ரலில் எரிந்து போயிற்று. அப்படத்தின் கடைசிக் காட்சியில், முதியவர் பியானோவின் மூடியைச் சாத்தி, அதன்மேற் கையை வைத்து மெல்லத் தடவுகின்றார்.